அடுப்பை அணைத்துவிட்டு மலைக்குப் போனோம்

நான் வெல்லத்தை நக்கிப் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள். அடையாள அட்டையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் என்று அச்சடித்திருந்தார்கள். வேலை என்னவோ அதுதான். சென்னைக்கு வெளியே இருக்கும் எங்கள் கம்பெனி கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் செய்து கப்பலில் அனுப்புகிறது. அதற்கு வேண்டிய வெல்லம் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வரும். வெளுப்பாகத் தெரிய மருந்து கலந்திருக்கிறார்களா, ஈரம் அதிகமா, பல்லில் மணல் நறநறக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளெல்லாம் நாக்கு தித்தித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தால்தான் உயிர் வரும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே சிரிப்பு வரும். ஒரு நாள் காலையில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து எங்கள் கொள்முதல் மேலாளர் ஒரு கடிதத்தைப் படித்தார். வெளிநாட்டில் எங்கள் மிட்டாயை விற்கும் கடைக்காரர்கள் அனுப்பியது. உங்களுக்குப் பொருள் வரும் வழியில் எங்கெங்கே நவீன அடிமைமுறைக்கான ஆபத்து இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள், எழுதி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் ஐம்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் “அடிமை” என்ற சொல்லைச் சொன்னதும் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், “கடலை மிட்டாய்லயா சார்?” என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை.

மேலாளர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏம்மா, நீ எலவனாசூர்கோட்டைதானே?”

“ஆமாங்க சார்.”

“அப்ப கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சு உனக்கு வரும். ஆலைங்களுக்கு நீதான் போற. வெல்லத்தை மட்டும் பாத்துட்டு வராம ஆளுங்களையும் பாத்துட்டு வா.”

அப்படித்தான் அடிமைமுறையைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு எனக்கிருந்த தகுதி, தப்பான நேரத்தில் சிரித்தது ஒன்றுதான்.

கையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். யாரோ சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சங்கராபுரம் பக்கத்தில் இருந்த ஆலைகளுக்குப் போனேன். ஆலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கொட்டகை, சாறு பிழியும் இயந்திரம், காய்ந்த சக்கையைத் தள்ளி எரிக்கும் அடுப்பு, அதன்மேல் ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு ஒரு கொப்பரை. முதலில் போன ஆலையின் முதலாளி நன்றாக உபசரிப்பவர். நான் இறங்கியதும் கரும்புத் தோகையில் சூடான பாகைச் சுற்றிக் கொடுத்தார். “சாப்புடும்மா, நம்ம ஊரு பொண்ணுதானே நீ” என்றார். விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கேள்வித்தாளும் விரலோடு ஒட்டிக்கொண்டது.

அங்கே கல்வராயன் மலையிலிருந்து வந்த ஐந்து குடும்பங்கள் வேலை செய்தன. கொட்டகைக்குப் பின்னாலேயே தகரம் போட்ட வரிசை வீடுகளில் தங்கியிருந்தார்கள். கொப்பரையில் கொதிக்கும் சாற்றின் மேலே மிதக்கும் அழுக்கை ஒரு பெண் நீளமான ஜல்லிக்கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நீராவிக்கு நடுவே மூக்குத்தி மட்டும் மின்னியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

“தங்களது நடமாட்டச் சுதந்திரம் பணியளிப்பவரால் கட்டுப்படுத்தப்படுகிறதா?”

அவள் கரண்டியை நிறுத்தாமலே புருஷனைப் பார்த்தாள். அவன் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“இன்னா கேக்குது இந்தப் பொண்ணு?”

“நடமாட்டமாம்” என்றான் அவன்.

“நடமாட்டத்துக்கு இன்னா கொறச்சல்? கொப்பரைக்கும் தொட்டிக்கும் காலையில புடிச்சு நடந்துக்கினேதான் கீறேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி என் பக்கத்தில் நின்று சிரித்தார். என்னைக் கேட்கவா வேண்டும்? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அடுத்த கேள்வி, “தங்களது பயண ஆவணங்கள் தங்கள் வசம் உள்ளனவா?” அதற்கும் சிரித்தார்கள். அவள் மட்டும் இந்த முறை சிரிக்கவில்லை. முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அழுக்கை வழித்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எல்லாக் கட்டத்திலும் ‘பிரச்சினை இல்லை’ என்று குறி போட்டுவிட்டு, மடியில் ஒரு கட்டி வெல்லத்தோடு பஸ் ஏறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்ததாகக் கம்பெனி ஒரு தொலைபேசி எண்ணை ஸ்டிக்கராக அடித்தது. வேலை செய்கிறவர்கள் யாரும் எந்தக் குறையையும் அந்த எண்ணுக்குச் சொல்லலாம், பெயர் வெளியே போகாது. எல்லா ஆலையிலும் நானே போய் ஒட்டினேன். முதலாளிகள் கண்ணில் படும் இடத்தில் ஒன்று, கழிப்பறைக் கதவுக்கு உட்புறம் ஒன்று. இரண்டாவது என் யோசனை. தொலைபேசியும் என் கையில்தான்.

முதல் இரண்டு வாரம் வந்த அழைப்புகளை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கும். மூங்கில்துறைப்பட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டார். “மிட்டாய்ல கடலை கம்மியா கீது” என்று ஒருவர் புகார் சொன்னார். அவர் தின்றதோ எங்கள் மிட்டாயே இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் கொடுத்தது. ஓர் அம்மா தினமும் கூப்பிட்டு மருமகனைப் பற்றிச் சொல்வார். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. ‘புகாரின் தன்மை: மருமகன்’ என்று எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பகல் வேளையில் கூப்பிட்டது, கொப்பரையில் அழுக்கு வழித்துக்கொண்டிருந்த அவள்.

“நடமாட்டம் கேட்ட பொண்ணுதானே நீயி?”

“ஆமாக்கா.”

“கட்டுப்படுத்துறாங்கன்னு இப்ப எழுதிக்க.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் கரும்புக் காட்டுக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தோகை உரசும் சத்தம் கேட்டது. அவளுடைய தங்கைக்கு அடுத்த வாரம் மலையில் கல்யாணம். இவளும் புருஷனும் சேர்ந்து போக வேண்டும். முதலாளி ஒருவரைத்தான் விடுவார்.

“எப்பவும் அப்பிடித்தான். ஒருத்தர் போனா ஒருத்தர் நிக்கணும். ரெண்டு பேரும் போனா திரும்ப மாட்டோமாம். எங்க மாமியா செத்தப்பகூட அவரு போனாரு, நான் கொப்பரையண்ட நின்னேன். ரேஷன் கார்டு, ஆதாரு எல்லாம் அவுங்க வூட்டு பீரோவுல கீது. முன்பணம் வாங்குன அன்னிக்கே வாங்கி வெச்சிக்கினாங்க.”

“நான் எங்க சார்கிட்ட சொல்றேங்க்கா.”

“சொல்லு. ஆனா ஒண்ணு. இவுங்ககிட்ட வெல்லமே வேணாம்னு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்கன்னா அப்பால எங்களுக்கு இன்னா ஆவும்? அதையும் எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் உடனே, “கொள்முதலை நிறுத்திடலாம். வேற ஆலைக்கா பஞ்சம்?” என்றார். அவள் கடைசியாகச் சொன்னதைப் படித்துக் காட்டினேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். “கிளம்பு, நானும் வரேன்” என்றார்.

முதலாளி எங்கள் இருவருக்கும் பாகு கொடுத்தார். மேலாளர் வாங்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். முன்பணம் கொடுத்ததற்காக ஒருவரைப் போகவிடாமல் நிறுத்துவது கொத்தடிமை முறை, சட்டப்படி குற்றம், அந்தக் கடனே செல்லாது, கோட்டாட்சியருக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றார். இப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பொரிந்து தள்ளினார்.

“நான் அடிமை வெச்சிக்கினு கீறேன், சரி. நீங்க இன்னா ஒழுங்கு? இன்னிக்கு ஃபோன் பண்ணி நாலு நாள்ல ஒரு லாரி லோடு வேணும்னு சொல்றீங்க. ஒரு நாள் லேட்டானா வெலையில புடிக்கிறீங்க. துட்டு எப்ப தர்றீங்க? மூணு மாசம் கழிச்சி! ஆளு ஊருக்குப் போயிட்டா யாருங்க காய்ச்சுவா, நீங்க வந்து காய்ச்சுவீங்களா? போன பொங்கலுக்கு ஆளு வராம ஒரு தோட்டமே காஞ்சு போச்சி எனக்கு!”

மேலாளர் எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். சண்டை வந்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் கைபேசியை எடுத்து ஒரு விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்குக் கடிதம். பிறகுதான் என்னிடம் காட்டினார். நீங்கள் கேட்ட ஆபத்து எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டோம், அதில் பாதி எங்கள் ஆர்டர் போடும் முறையில் இருக்கிறது, இந்த முறை சரக்கு பத்து நாள் தாமதமாக வரும், காரணம் ஒரு கல்யாணம் என்று எழுதியிருந்தார்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. ஒரே வரி. சரி, மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

மேலாளர் அதை மூன்று முறை படித்தார். “இவ்ளோதானா? இத்தனை வருஷமா கேக்கவே இல்லையே நான்! கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?” என்றார். சிரித்தார். அவருடைய முழுப் பல்வரிசையையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முதலாளி வாசலில் நின்று, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்.

உள்ளே போய் மேலாளர் முடிவைச் சொன்னார். இனிமேல் ஆர்டர் ஒரு மாதம் முன்னாலேயே வரும். பணம் சரக்கு ஏறிய வாரத்தில் வரும். முதலாளியும் கூலியை வாராவாரம் அவரவர் கையில் கொடுக்க வேண்டும். யார் எப்போது எங்கே போனாலும் தடுக்கக் கூடாது. கார்டுகள் இப்போதே வெளியே வர வேண்டும். கோட்டாட்சியர் விசாரணையை நாங்கள் நிறுத்த மாட்டோம்.

முதலாளி பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தால், ஐந்து குடும்பத்தின் ரேஷன் கார்டும் பத்துப் பேருடைய ஆதார் கார்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன! அந்த வீட்டில் ஒட்டாத பொருளே கிடையாது. வெல்லக் கையாலேயே வாங்கி வெல்லக் கையாலேயே வைத்திருக்கிறார். இழுத்தால் கிழியும் போலிருந்தது. அவள்தான் ஓடிப்போய் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கார்டுகளை ஊறவைத்து ஒவ்வொன்றாக உரித்தோம். ஒவ்வொரு கார்டு பிரிந்ததும் ஒரு கூச்சல். அவள் தன்னுடையதைப் புடவைத் தலைப்பால் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இது நானா? களவாணி மாதிரி கீறேன்!”

புருஷன் எட்டிப் பார்த்து, “அப்பிடியேதான் கீற” என்றான். அவள் ஈரக் கையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அடுப்பை அணைத்தார்கள். அந்தப் பருவத்தில் அது அணைந்து நான் பார்த்ததில்லை. ஐந்து குடும்பமும் குழந்தைகளும் மூட்டைகளும் கம்பெனி ஏற்பாடு செய்த வேனில் ஏறினார்கள். முதலாளி கொட்டகையிலிருந்து ஒரு சிப்பம் வெல்லத்தை எடுத்து வந்து, யாரையும் பார்க்காமல் வேனுக்குள் தள்ளினார். “பாயசத்துக்கு” என்றார். நான் அவளிடம் மெதுவாக, “வாங்கிக்கலாமாக்கா?” என்று கேட்டேன்.

“நான் காய்ச்சுனதுதானே, ஏத்து” என்றாள்.

மேலாளர் வழியனுப்பத்தான் வந்திருந்தார். வேன் கிளம்பும்போது அவள் தலையை வெளியே நீட்டி, “சார் வரலன்னா நாங்களும் எறங்கிடுவோம்” என்றாள். பெண்கள் எல்லோரும் “எறங்கிடுவோம், எறங்கிடுவோம்” என்று கத்தினார்கள். அவர் மணிக்கட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஏறிவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை வரைக்கும் அவர் கெத்தாகத்தான் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் வளைவில் கம்பியைப் பிடித்தார். இரண்டாவது வளைவில் கண்ணை மூடினார். அடுத்ததில் பக்கத்திலிருந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குள் கோழி இருந்தது! அது போட்ட சத்தத்தில் வேனே குலுங்கியது. அவள் எலுமிச்சம் பழத்தைக் கிள்ளி அவர் மூக்கில் வைத்தாள். “மோந்துக்கினே வா சார், தோ வந்துடும், தோ வந்துடும்” என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். வெள்ளிமலை வருவதற்குள் அவர் பத்து முறை வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு ஓவென்ற கூச்சல். எனக்கும் தலை சுற்றியது. அது வளைவினாலா சந்தோஷத்தினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மலை ஊரின் நுழைவாயிலில் மணமக்கள் படம் போட்ட பேனர், மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. இவர்கள் இறங்கியதும் மணப்பெண் மஞ்சள் பூசிய முகத்தோடு ஓடி வந்தாள். அக்காளை மட்டும் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. அக்காளுக்குப் பின்னால் மாமாவும் இறங்குவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “ரெண்டு பேருமா?” என்று கேட்டாள். “ரெண்டு பேருமா? ரெண்டு பேருமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்காள் தங்கையின் கன்னத்தில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு அவள் முகத்திலும் மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் அந்த வெல்லத்தில் செய்த பாயசமும் போட்டார்கள். நான் தொழில் புத்தியில் பாயசத்தை நாக்கில் வைத்து ருசி பார்த்தேன். மணல் இல்லை. மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்ததும் வட்டம் கட்டி ஆடினார்கள். மேலாளரை இழுத்துவிட்டார்கள். அவர் ஆடியதை ஆட்டம் என்று சொல்வதா, சறுக்காமல் இருக்கச் செய்த முயற்சி என்று சொல்வதா தெரியவில்லை. பையிலிருந்த மூன்று பேனாவும் ஒவ்வொன்றாக விழுந்தன. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

மேடையில் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவளும் புருஷனும் மணமக்களுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகப் போய் நின்றார்கள். படக்காரர், “புருஷன் பொண்டாட்டி ஒண்ணா நில்லுங்க” என்றார். இருவருக்கும் எப்படி நிற்பதென்று தெரியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விசேஷத்துக்கும் சேர்ந்து போனதில்லை. கையை எங்கே வைப்பது என்று அவன் தவித்தான். கடைசியில் அவள்தான் அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். ஐந்து குடும்பத்துக்கும் பழைய கடன் எதுவும் கிடையாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். முதலாளி மேல் வழக்கு நடக்கிறது. அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் கூலி வாராவாரம் போகிறது. இன்னொரு ஆலைக்காரர் எங்கள் நிபந்தனை எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் வேறு கம்பெனிக்கு வெல்லம் கொடுக்கப் போய்விட்டார். அதையும் அதிகாரிகளுக்கு எழுதினோம். அங்கே வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதை நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை. கேள்வித்தாளை மட்டும் நானே திருத்தி எழுதினேன். இப்போது முதல் கேள்வி, “போன கல்யாணத்துக்கு வூட்ல யாரு போனீங்க, யாரு போவல?” அதற்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கு மூன்று குடும்பம்தான் அந்த ஆலைக்குத் திரும்பின. அவளும் புருஷனும் வரவில்லை. மலையிலேயே மரவள்ளி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாசி மாதம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சங்கராபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். யாரோ முதுகில் பளாரென்று அடித்தார்கள். திரும்பினால் அவள். புதுச் செருப்பு, தலை நிறையக் கனகாம்பரம். புருஷன் ஒரு கையில் முறுக்குப் பொட்டலத்தோடு, பாண்டிச்சேரி பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பாண்டில இன்னாக்கா வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. கடலு எப்பிடி கீதுன்னு பாத்துட்டு வரப் போறோம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றாள். சொல்லிவிட்டு அவளே அதிசயப்பட்டவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீயும் வாயேன்.”

எனக்கு இரண்டு ஆலை பார்க்க வேண்டியிருந்தது. மேலாளருக்கு ஃபோன் செய்து ஒரு நாள் லீவு வேண்டும் என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். “எனக்கு ஒரு சங்கு வாங்கிட்டு வா” என்றார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஏறிக்கொண்ட அவள் என் கையைப் பிடித்து இழுக்க, நானும் ஓடி ஏறினேன்.